தள்ளிவிட்டுக் கையை எடுப்பவர்

எதைப் பார்த்தாலும் ஒரு விரலால் லேசாகத் தள்ளிவிடுவார். தள்ளியதும் கையை எடுத்துக்கொள்வார். அப்புறம் தலையைக் கொஞ்சம் சாய்த்து, அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். டீ கிளாஸ், சுவர்க் காலண்டர், தையல் மிஷின் மேல் நிற்கும் நூல்கண்டு, கிறிஸ்துமஸுக்குத் தெருவில் கட்டிய மூங்கில் ஸ்டார், ஒன்றும் அவர் விரலுக்குத் தப்பியதில்லை.

ஷூ கம்பெனி கேன்டீனில் அவர் டீ குடிப்பதைப் பார்க்கவே பெண்கள் பக்கம் ஒரு கூட்டம் இருக்கும். கிளாஸின் விளிம்பில் விரலை வைத்துச் சாய்ப்பார். டீ ஓரம் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். விரலை எடுப்பார். கிளாஸ் டக் டக் டக் என்று ஆடி அடங்கும். அதற்குப் பிறகுதான் எடுத்து வாயில் வைப்பார்.

"இன்னா மேஸ்திரி, டீ மேல கோவமா? புடிச்சுத் தள்ளுறீங்க" என்று ரோசம்மா கேட்பாள். ரோசம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல் தைத்தவள். அவள் வாய்க்கு சூப்பர்வைசரே ஒதுங்கிப் போவார்.

"தள்ளலம்மா. கேள்வி கேட்டேன். பதில் சொல்லிச்சு."

"இன்னான்னு?"

"நிப்பேன்னு."

"கவுந்துட்டா?"

"அதுவும் பதில்தான்."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தபோதே ஒரு தடவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கம்பெனியில் எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். மரவேலை செய்கிறவரை அப்படித்தானே கூப்பிடுவோம். ஷூ தைக்கும்போது உள்ளே வைக்க, கால் மாதிரியே செதுக்கிய கட்டை வேண்டும். புது மாடல் வந்தால் முதல் கட்டையை அவர்தான் செதுக்குவார். முடித்ததும் அதைத் தரையில் நிறுத்தி, குதிகாலில் ஒரு தட்டு. அது முன்னும் பின்னும் ஆடி நின்றால்தான் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டுவார்.

ஆம்பூருக்கு வருவதற்கு முன்னால் அவர் பெங்களூரில், விமானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் தச்சராக இருந்தவர். நிஜ விமானம் செய்வதற்கு முன்னால் அதே அச்சில் கை நீளத்துக்கு ஒரு மர விமானம் செய்வார்களாம். பெரிய குழாய் மாதிரி ஒரு அறை. அதற்குள் அந்த மர விமானத்தைக் கம்பியில் நிறுத்தி, ராட்சத ஃபேன் போட்டுக் காற்றை விடுவார்களாம். மூக்கைத் தூக்குகிறதா, ஒருபக்கம் சாய்கிறதா, சாய்ந்தால் நிமிர்கிறதா என்று படித்தவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்களாம். அந்த மர விமானங்களைச் செதுக்கிய கை அவருடையது.

"நிஜ விமானம் செஞ்ச பொறவும் விட மாட்டாங்க" என்று ஒருநாள் கேன்டீனில் சொன்னார். "மேல போனதும் பைலட்டு, ஓட்டுற ஸ்டிக்கை ஒரு தபா முன்னால தள்ளிட்டு, கைய எடுத்துடணும். விமானம் மூக்கைக் குத்தும். அப்புறம் தானாத் தூக்கும். திரும்பக் குத்தும். எத்தனை ஆட்டத்துல அடங்குதுன்னு எண்ணணும். நல்ல விமானம்னா ஆட்டம் கம்மியாயிட்டே வரும். மோசமானதுன்னா ஜாஸ்தியாயிட்டே போகும். எண்ணி முடிக்கிற வரைக்கும் கைய வெக்கக் கூடாது. இருக்கிறதுலயே அதுதான் கஷ்டமான வேலை."

"கைய வெக்காம இருக்கிறதா கஷ்டம்?" என்றாள் ரோசம்மா. "எங்க சூப்பர்வைசர் நாள் பூரா அந்த வேலைதானே செய்றாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, "பயத்துல கை தானாப் போகும்மா. அத அடக்கணும்" என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. குடிவந்த முதல் வாரமே அறைக் கதவின் கீல்களைக் கழற்றி, மேல் கீலை ஒரு நூல் அளவு தள்ளி மாட்டிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கதவை யாரும் சாத்த வேண்டியதே இல்லை. திறந்து விட்டால் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அது சேருகிற சத்தம் எங்கள் சமையல் கட்டுக்குக் கேட்கும். பெரிய சத்தம் ஒன்றும் கிடையாது, ஒரு டப். அதைக் கேட்ட பிறகுதான் நான் செருப்பை மாட்டுவேன். அவர் பத்தடி முன்னால் நடப்பார். நான் பத்தடி பின்னால் நடப்பேன். கம்பெனி கேட் வரைக்கும் அந்தப் பத்தடி பத்தடியாகவே இருக்கும்.

நான் உட்கார்ந்தது அஞ்சாம் டேபிள். தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிசாக்குவது என் வேலை. ஓரம் தடியாக இருந்தால் மடித்துத் தைக்கும் இடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு மிஷின் வந்துவிட்டது. ஆனாலும் மெல்லிய ஆட்டுத்தோல் என்றால் என் கைக்குத்தான் அனுப்புவார்கள். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'அஞ்சாம் டேபிள்' என்பார்.

"அஞ்சாம் டேபிள், இத காயிதம் மாதிரி சீவித் தர முடியுமா? அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும்." அதுதான் என்னிடம் அவர் முதல்முதலாகப் பேசியது. கையில் ஒரு விரல் நீளக் கழிவுத் தோல். நான் தலையை ஆட்டினேன். சாப்பாட்டு வேளையில் சீவி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

எதற்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நானும் அம்மாவும் பாலாற்றைக் கடந்து அக்கரையில் சித்தி வீட்டுக்குப் போவோம். கடப்பது என்றால் மணலில் நடப்பதுதான். நடு ஆற்றில் அம்மாவுக்கு முட்டி வலி வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது, கரை மேட்டில் நின்றுகொண்டு அவர் ஒரு பொம்மை விமானத்தை விட்டுக்கொண்டிருந்தார். மெல்லிய பலகையும் மூங்கில் சிம்பும் வைத்துச் செய்தது. வால் பலகை மேலும் கீழும் மடங்கும்படி ஒரு கீல். அது நான் சீவிக் கொடுத்த தோல். ஈரம் பண்ணி எந்த அளவுக்கு வளைக்கிறோமோ அந்த அளவிலேயே காய்ந்து நிற்கும்.

அம்மா அவரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "இன்னாப்பா இது, இந்த வயசுல காத்தாடி?"

அவர் இறங்கி வந்தார். "காத்தாடி இல்லம்மா. காத்தாடிக்கு நூலு உண்டு, நம்ம கையில இருக்கும். இதுக்கு நூல் கிடையாது. விட்டா விட்டதுதான்."

"அப்புறம் அது எப்படி ஒழுங்கா போகும்?"

"அத உள்ளயே வெச்சு அனுப்பணும்."

சொல்லிவிட்டு மணலில் குந்தி, ஒரு தோல் துணுக்கை நறுக்கி விமானத்தின் மூக்கில் ஒட்டினார். மூக்கில் கனம் போதாவிட்டால் அது தலையைத் தூக்கிக்கொண்டே போய், மூச்சு நின்றது மாதிரி நடுவில் நின்று, பொத்தென்று விழுமாம். முதலில் விட்டது அப்படித்தான் விழுந்தது. இன்னொரு துணுக்கு ஒட்டினார். இந்தத் தடவை குத்தியது, தூக்கியது, குத்தியது, தூக்கியது. மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு அடங்கி, ஒரு கோடு போட்ட மாதிரி மணலுக்கு மேலே போய் உட்கார்ந்தது. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"கீலு நல்ல கீலும்மா" என்றார் அவர், அம்மாவிடம். "சீவினவங்க கை அப்படி."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் சித்தி வீடு வரைக்கும் முட்டி வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் பேச்செல்லாம் அந்த விமானக் கதையில்தான் போய் நிற்கும். ஆதியில் பறக்கிற மிஷின் செய்ய முயன்றவர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்களாம். பெங்களூரில் இருந்த பெரிய சார் அவருக்குச் சொன்னது. ஒரு கட்சி, மிஷின் தானாக நிமிர வேண்டும், ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றது. இன்னொரு கட்சி அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணனும் தம்பியும். சைக்கிள் தானாக நிற்குமா? நிற்காது. ஓட்டுகிறவன் ஒவ்வொரு நொடியும் பிடித்துக்கொண்டே இருக்கிறான். அதனால் விமானம் சாய்ந்தால் சாயட்டும், ஆள் கை வைத்து நிமிர்த்த வழி இருந்தால் போதும் என்று அவர்கள் நினைத்தார்களாம்.

"எங்க வூட்டுக்காரரு சைக்கிள் கட்சி" என்றாள் ரோசம்மா. "ஒரு நிமிஷம் கைய எடுத்தா சாராயக் கடையில போய் மூக்கைக் குத்திடுவாரு. நீங்க எந்தக் கட்சி மேஸ்திரி?"

"தானா நிமிர்ற கட்சி."

"ஜெயிச்சது யாரு?"

"முதல்ல பறந்தது சைக்கிள்காரங்கதான். ரெண்டும் வேணும்னு எல்லாருக்கும் புரியறதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. அதுக்குள்ள நெறைய பேரு விழுந்து செத்துட்டாங்க."

பெங்களூர் வேலையை ஏன் விட்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டாவது தடவை தோல் சீவிக் கொடுத்தபோது, கேட்காமலேயே சொன்னார்.

"ஒரு மாடலு எப்பப் பார்த்தாலும் எடது பக்கமே சாஞ்சுது. சாருங்க மூணு வாரம் கணக்குப் போட்டாங்க, இறக்கைய மாத்தி மாத்தி வரைஞ்சாங்க. தப்பு அவங்க கணக்குல இல்ல. எடது இறக்கைய நான் ஒரு முடி அளவு ஜாஸ்தி தேச்சுட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"முதல் வாரமே சந்தேகம். அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க, தானாத் தெரிஞ்சுடும்னு இருந்துட்டேன். கடைசியில நானே போய்ச் சொன்னேன். யாரும் திட்டல. பெரிய சாரு, 'முதல் நாளே வாயத் தெறந்திருக்கலாமே'ன்னு மட்டும் சொன்னாரு. அதத் தாங்க முடியல. வந்துட்டேன்."

அன்றைக்கு அதைக் கேட்டு அவர் மேல் பாவமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால், அவரைப் பற்றியும் என்னைப் பற்றியும் எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அதிலேயே இருந்தது என்று படுகிறது.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் பெரிய சாரிடமிருந்தே அவருக்குக் கடிதம் வந்தது. திரும்பி வரச் சொல்லியிருந்தார்கள். பத்து நாளில் போய்ச் சேர வேண்டும். சாப்பாட்டு வேளையில் அஞ்சாம் டேபிளுக்கு வந்து நின்றார். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"பெங்களூருக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க."

"நல்லதுங்க."

"குவார்ட்டர்ஸ் தர்றாங்களாம். ரெண்டு ரூம். ஒரு ஆளுக்கு ஜாஸ்தி."

நான் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். என் டேபிள் ஓரத்தில் இருந்த பசை டப்பாவைத் தள்ளிப் பார்க்க அவர் விரல் போனது. பாதியில் நிறுத்தி, கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரோசம்மா மிஷினை நிறுத்தினாள். "ஏண்டி, ஊமையா நீ?"

"அவர் ஒண்ணும் கேக்கலையே."

"ரெண்டு ரூமுன்னு ஒரு ஆம்பள வேற எதுக்குடி வந்து சொல்லுவான்? வாடகைக்கு ஆள் புடிக்கவா?"

"பொண்ணு கேக்கணும்னா வீட்டுக்கு வரட்டும். அம்மா இருக்காங்க."

"அந்த ஆளுக்கு முன்ன நின்னு பேச யாரு இருக்காங்க? அப்பன் இல்ல, ஆத்தா இல்ல. தனியா வந்து எப்படிடி கேப்பான்?"

அவள் சொன்னது சரிதான். எங்கள் பக்கத்தில் ஆண் வீட்டார்தான் வர வேண்டும். பெரியவர்கள் நாலு பேர், தட்டில் பழம், பூ. அவருக்கு அனுப்ப ஆள் கிடையாது. இந்தப் பேச்சு எப்படியோ அம்மா காதுக்கும் போய்விட்டது. ரோசம்மாவாகத்தான் இருக்கும். அன்று மாலை அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த மேஸ்திரிய ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. மத்தத நான் பேசிக்கிறேன்."

அந்த ஒரு வாக்கியம்தான் நான் சொல்ல வேண்டியது. அம்மா உங்களை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அடுத்த நாள் காலை கதவு டப் என்றது. பத்தடி பின்னால் நடந்தேன். கேட் வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவர் அஞ்சாம் டேபிள் வரைக்கும் வந்து, ஒன்றும் கேட்காமல் நின்றார். வாக்கியம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்தார். மேஸ்திரி நகர்ந்துவிட்டார்.

அந்தப் பத்து நாளும் அவர் எதையும் தள்ளிப் பார்க்கவில்லை. டீ கிளாஸை வைத்தபடி எடுத்துக் குடித்தார். மற்றவர்கள் கவனித்தார்களோ என்னவோ, நான் கவனித்தேன். தள்ள வேண்டியதைத் தள்ளியாகிவிட்டது, இப்போது கையை எடுத்துக்கொண்டு எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை கேட்பார், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை மாலை அம்மா கேட்டார், "சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

"வேலை இருக்காம். வர முடியாதாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக யோசிக்கிறேன். சொல்லவில்லை என்று சொன்னால் அம்மா தானே பக்கத்து வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுவிடுவார். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாது என்று அந்த நிமிஷத்துக்குத் தோன்றியது. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. வாங்கி வைத்திருந்த காபித்தூளை டப்பாவில் கொட்டி, மேல் பலகையில் ஏற்றிவிட்டார்.

அவர் கிளம்புகிற அன்று காலை எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் பெட்டி. இன்னொரு கையில் அந்தப் பொம்மை விமானம் மாதிரியே புதிதாகச் செய்த ஒன்று. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"போய்ட்டு வர்றேம்மா" என்றார்.

அம்மா உள்ளே இருந்தபடியே, "நல்லா இருப்பா" என்றார். எழுந்து வரவில்லை. உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கூப்பிட்டும் வராத ஆளுக்கு அவ்வளவுதான் மரியாதை என்று அம்மா நினைத்தார். ஏன் இப்படி என்று மேஸ்திரிக்குப் புரிந்திருக்காது. புரிந்தவள் நான் ஒருத்திதான். கதவிடுக்கில் என் புடவை தெரிந்திருக்க வேண்டும். விமானத்தை வாசல்படியில் வைத்தார்.

"இதுக்கு மூக்குல இன்னும் கனம் வெக்கல, அஞ்சாம் டேபிள். நீங்க வைங்க. வெச்சா நல்லாப் பறக்கும்."

ரோசம்மாவின் வீட்டுக்காரர் ஓட்டுகிற ரிக்ஷாவில் மேஸ்திரி ஏறிப் போய்விட்டார். பெங்களூர் ரயில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலை ரயில் கம்பெனிக்குப் பின்னால் தடதடவென்று போனபோது நான் தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். கத்தி ஒரு இடத்தில் உள்ளே இறங்கித் தோல் கிழிந்தது. அந்த வேலையில் நான் கிழித்த ஒரே துண்டு அதுதான்.

மறுநாள் காலை ரோசம்மா வேகவேகமாக வந்தாள்.

"ஏண்டி, மேஸ்திரி நேத்து காலை வண்டியில போவலடி. எங்க வூட்டுக்காரரு சாயங்காலம் சவாரி கொண்டுபோய் வுடுறப்போ பாத்திருக்காரு. பெட்டிய காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு, வாசலப் பாத்த பெஞ்சுல உக்காந்துனு இருந்தாராம். 'வண்டிய வுட்டுட்டீங்களா மேஸ்திரி'ன்னு கேட்டதுக்கு, 'ஆமா'ன்னாராம். இந்தக் குடிகாரன் ராத்திரியே சொல்லாம, பொழுது விடிஞ்சு சொல்றான்."

ரயிலைத் தவறவிடுகிற ஆளா அவர்? காலை வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனவர்.

ஸ்டேஷன் எங்கள் கம்பெனியிலிருந்து நடந்தால் கால் மணி நேரம்.

அதற்கப்புறம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கம்பெனி ஆபீஸில் விலாசம் இருந்திருக்கும். மேனேஜர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு வந்த இரண்டு இடங்களும் தட்டிப்போயின, மூன்றாவதை நானே வேண்டாம் என்றேன். தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. அவன் மகள் எஸ்தர் என் மடியில் வளர்ந்தாள். சாகிற வரைக்கும் அம்மா அவரைத் திமிர் பிடித்தவர் என்றே நினைத்திருந்தார். பக்கத்து மாடியைப் பார்க்கும்போதெல்லாம், "கூப்பிட்டா வராத பெரிய மனுஷன்" என்பார். நான் ஒருநாளும் திருத்தவில்லை. மேஸ்திரிக்கு நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான்.

போன மாதம் எஸ்தரின் நாத்தனார் மகளுக்குப் பம்பாயில் கல்யாணம். என்னை விமானத்தில் கூட்டிப் போனாள். எனக்கு அதுதான் முதல் தடவை. போகிற வழியில் மேகத்துக்குள் புகுந்ததும் விமானம் பள்ளத்தில் இறங்கின பஸ் மாதிரி ஒரு குலுக்கு குலுக்கியது. பின்னால் யாரோ கத்தினார்கள். எஸ்தர் என் கையை இறுக்கிப் பிடித்தாள். மூக்கு இறங்கியது, தூக்கியது, மறுபடி இறங்கியது. என் உதடு அசைவதை எஸ்தர் பார்த்தாள்.

"ஜெபம் பண்றியா அத்தை?"

"எண்ணுறேன்."

மூன்றாவது ஆட்டத்தில் அடங்கியது. எனக்குப் பயமே வரவில்லை. பக்கத்தில் யாரோ தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு இருக்கிற மாதிரி இருந்தது.

"பைலட்டு கைய எடுத்திருப்பாரா?" என்று கேட்டேன்.

"மிஷினே ஓட்டிக்கும் அத்தை. ஆனா அவங்க ரெண்டு பேரும் எழுந்து போக மாட்டாங்க. பக்கத்துலயே உக்காந்து பாத்துனு இருப்பாங்க. வேணும்னா உடனே புடிச்சுப்பாங்க."

எனக்கு அந்த ஸ்டேஷன் பெஞ்சு ஞாபகம் வந்தது. அவரும் எழுந்து போகவில்லை. காலையிலிருந்து மாலை வரைக்கும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கால் மணி நேர தூரத்தில் நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். இரண்டு பேரும் கையை வைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த விமானத்தை எடுத்தேன். பலகை கறுத்திருந்தது. வாலில் என் தோல் விறைத்துப் போயிருந்தது. விரலை நனைத்துத் தடவத் தடவக் கொஞ்சம் இளகியது. எஸ்தரின் பழைய ஹேண்ட்பேக்கில் ஒரு துண்டு அறுத்து, சீவி, மூக்கில் ஒட்டினேன். போதவில்லை என்று இன்னொன்று ஒட்டினேன். சாயங்காலம் எங்கள் மொட்டைமாடிக்குப் போய், ஆற்றுப் பக்கமாகப் பார்த்து விட்டேன்.

குத்தியது. தூக்கியது. குத்தியது. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பாலாற்றுக் காற்று அதை ஒருபக்கமாக வளைத்துச் சந்துக்கு மேலே கொண்டுபோனது. நேராகப் போய்ப் பக்கத்து வீட்டு மாடியில், அந்த அறைக்கு முன்னால் உட்கார்ந்தது.

அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் புதியவர்கள். நான் அவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எஸ்தர் வேலையிலிருந்து வந்ததும் எடுத்து வரச் சொல்லலாம் என்று கீழே வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் மாவோடு ஒரு சின்னப் பெண் வந்து திறந்தாள்.

"இன்னா ஆயா?"

"என்னோட சாமான் ஒண்ணு உங்க மாடியில விழுந்துடுச்சும்மா. நான் ஏறி எடுத்துக்கட்டுமா?"

"நான் எடுத்துத் தர்றேன் ஆயா. படி செங்குத்தா இருக்கும்."

"இல்லம்மா. நானே போறேன்."

அந்தப் படியில் நான் அதுவரை கால் வைத்ததில்லை. பதினெட்டுப் படி. நடுவில் இரண்டு தடவை நின்றேன். மேலே அந்த அறையில் இப்போது பழைய சாமான்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். விமானம் வாசலில் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. எடுத்துக்கொண்டேன். கதவு அதே கதவுதான். கீல் துருப்பிடித்து, மரம் இறங்கியிருந்தது. ஒரு விரலை வைத்து லேசாகத் தள்ளினேன். உள்ளே போய்த் திறந்துகொண்டது. கையை எடுத்துவிட்டு நின்றேன்.

அது திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். பிறகு நானே கையை வைத்து இழுத்துச் சாத்தினேன். டப் என்றது.